தட்டிப் பார்க்கும் சிலந்தி

சத்தியவேடு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளே,

இதைப் படித்ததும் உன் தம்பியை உன் வீட்டிலிருந்து அனுப்பிவிடு. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் சன்னல் மூலையில் சருகு போல ஒரு தாவும் சிலந்தி இருக்கிறது. மற்றச் சிலந்திகள்தான் அதற்கு இரை. வலையின் ஓரத்தில் நின்று காலால் இழையைத் தட்டும். வலைக்காரி அசையாவிட்டால் வேறு மாதிரி தட்டும். எதற்கு அசைகிறாளோ, அதையே திரும்பத் திரும்பத் தட்டும். பூச்சி சிக்கியது என்று அவள் ஓடிவருவாள்.

இன்று காலை ஒருவர் வந்தார். எல்லைப் போராட்டத்தில் தம்பியோடு ரயில் மறித்தவராம். தெலுங்கில் கேட்டார், தமிழில் கேட்டார். "எங்க போனானோ, தெரியாதுங்க" என்றே சொன்னாள் உன் அம்மா. கிளம்புகிறவர் போல எழுந்தவர், "பாவம்மா, நேத்துலேர்ந்து அவன் ஒண்ணும் துன்னல" என்றார்.

"இன்னாது? அக்கா வூட்ல கீறவன் எதுக்குத் துன்னாம கீறான்?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். சற்று நேரத்தில் அவரைக் கடைத்தெருவில் போலீஸ்காரர்களோடு பார்த்தேன்.

அம்மாவைக் கோபிக்காதே. எந்த இழையைத் தட்டினாலும் அசையாமல்தான் இருந்தாள். பிள்ளையின் பசி என்றதும் அவளால் முடியவில்லை. அப்போதிலிருந்து அவளும் சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு ஆதிநாராயணன் இதைக் கையோடு கொண்டுவருகிறார். தம்பிக்குச் சோறு கட்டிக் கொடு. அவன் எங்கே போகிறான் என்று எங்களுக்கு எழுதாதே. அம்மா அழுது கேட்பாள், அப்போதும் எழுதாதே. நானே கேட்டாலும் எழுதாதே.

அன்புடன்,
உன் நைனா