ரோஸி கொடுத்த பூசை

என் உயிரான ஜெனியப்பாவுக்கு,

உங்களைத் திட்டத்தான் எழுதுகிறேன். கல்லறைத் திருநாள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை, வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் பூசைக் கருத்து வாசித்தார். அந்தோணி இருதய நோயிலிருந்து பிழைத்ததற்கு நன்றியாகவும், உங்கள் ஆன்மா இளைப்பாறவும் ஒரே பூசை. கொடுத்தவள் உங்கள் தங்கச்சி ரோஸி. அவள் புருஷன் அந்தோணி அண்ணன் புதுச் சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் புருஷன் பெயர் மைக்கில் வருகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்?

நீங்கள் நெஞ்சுவலியைக் கேஸ் என்று சொல்லி, சோடா குடித்துவிட்டுப் படுத்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை. அதைக் கூட இருந்து பார்த்தவள் ரோஸி. அதனால்தான் அந்தோணி அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டு சோடா கேட்டதும், ஆட்டோவில் ஏற்றி இருதய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். நீங்கள் செத்துக் காட்டியதில் அவள் புருஷன் பிழைத்தார். எனக்கு அப்படிச் செத்துக் காட்ட யாரும் இல்லாமல் போனார்களே.

நேற்று அவருக்குச் செக்கப். "அண்ணி, நீங்களும் வாங்க. தனியா போவ பயமா இருக்கு" என்றாள். புருஷனோடு போகிறவளுக்குத் தனியாம்!

ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். ட்ரெட்மில்லில் நடந்து வேர்த்து வந்தவருக்கு ரோஸி முந்தானையால் முகம் துடைத்தாள். அடுத்த நிமிஷமே, "இனிமே அப்பளம் வேணும்னு வாயத் தொறந்தீங்க, பாத்துக்குங்க" என்று ஏசினாள். முகம் துடைத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த ஏச்சைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு ஏச ஆள் இல்லையே.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது, நெஞ்சை அழுத்தியது. பொறாமைதான் இப்படிப் படுத்துகிறது என்று நினைத்தேன். ரோஸி விடவில்லை. நர்சிடம், "எங்க அண்ணிக்கும் ஒரு இசிஜி எடுத்துடுங்க" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. கேஸ்தான்" என்றேன்.

ரோஸியின் முகம் வெளுத்துவிட்டது. "எங்க அண்ணனும் இதத்தான் சொல்லுச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படுக்க வைத்தாள்.

இசிஜி பார்த்த டாக்டர், "அடைப்பு இருக்கும் போலத் தெரியுதும்மா. அட்மிட் ஆயிடுங்க, நாளைக்கே ஆஞ்சியோ பாத்துடலாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. பேசாமல் உங்களிடம் வந்துவிடலாமா என்று ஆசையாக இருந்தது. அதனால் ஆஞ்சியோ வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அண்ணாமலை நகர் ஹாஸ்டலிலிருந்து நம் ஜெனி அழுதுகொண்டே ஓடிவந்தாள். ரோஸி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழுவாத கண்ணு. அம்மாவுக்கு ஒண்ணுன்னா அத்த நான் இருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவளுக்குப் புருஷனும் வேண்டும், என் பெண்ணும் வேண்டுமா? கட்டிலில் இருந்தபடியே நர்சைக் கூப்பிட்டு, "டாக்டர்கிட்ட சொல்லுங்க, நான் ஆஞ்சியோவுக்கு வர்றேன்" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவார்கள். இப்போதைக்கு என்னை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் தங்கச்சியைவிட ஒரு நாளாவது கூடுதலாக இருந்துவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம்.

கோபம் தீராத உங்கள் பெண்டாட்டி,
ஜெனியம்மா