அன்னாசித் தோட்டத்தில் அப்பா

மயூர் விஹார், டெல்லி
29 மே 2001

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. கேரளா போய்விட்டு நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தோம். புனாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், வேறு என்ன செய்ய. இங்கே வெயில் நாற்பத்துநாலு. சொசைட்டி மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. மூன்றாவது மாடிக்கு நான்தான் பக்கெட் தூக்குகிறேன்.

நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பாய் என்பதால் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன். புரியாத இடத்தை யாரிடமும் காட்டிக் கேட்காதே. இன்னொரு முறை படி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ரிட்டயர் ஆவதற்கு முன் ஆபீஸ் செலவில் ஊர் சுற்ற இது கடைசி எல்.டி.சி. வழக்கம்போல ராமேஸ்வரம் என்றார். நான் கேரளாதான் என்று பிடிவாதம் பிடித்தேன். கொச்சியைச் சுற்றிப் பார்த்த பிறகு, பக்கத்தில் அன்னாசித் தோட்டம் இருக்கிறதாம், பார்க்காமல் எப்படித் திரும்புவது என்று டாக்சியை மூவாற்றுப்புழைப் பக்கம் விடச் சொன்னேன். ஆமாம், உன் பினோய் வீட்டுத் தோட்டம்தான். தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரென்று சொல்லாமல் அந்த மனிதர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், பிறகு டெல்லியில் சமயம் பார்த்து அப்பாவிடம் பேச்செடுக்க வேண்டும். அதுதான் என் திட்டம். உன்னைக் கேட்காமல் போனதற்குக் கோபித்துக்கொள், பரவாயில்லை.

ரப்பர் கன்றுகளுக்கு நடுவே வரிசை வரிசையாக அன்னாசி. வெயில் படாமல் ஒவ்வொரு பழத்தையும் வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் கத்தியோடு நின்றவரை உன் அப்பா கூலியாள் என்றே நினைத்துவிட்டார். பட்பர்கஞ்ச் ரோட்டு வண்டிக்காரனிடம் விலை கேட்பது போல, “பையா, கித்னே கா?” என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஒரு பழத்தை அறுத்துச் சீவிக் கொடுத்தார். உன் அப்பா சும்மா இருப்பாரா? பையிலிருந்து சாட் மசாலா டப்பாவை எடுத்து அதன் மேல் தட்டினார். அந்த மனிதர் முகம் சுண்டிப் போயிற்று. இது நான் வளர்த்த பழம், முதலில் வெறுமே தின்று பாருங்கள், அப்புறம் எதை வேண்டுமானாலும் தூவிக்கொள்ளுங்கள் என்று மலையாளத்தில் சொல்லி வேறு துண்டை நீட்டினார்.

அவர்தான் பினோயின் அப்பா வர்க்கி என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். உன் அப்பா தின்றார். டப்பாவை மூடிப் பைக்குள் போட்டார். தப்பு என்னுடையது, இதற்கு ஒன்றுமே வேண்டாம் என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டதால் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கடுங்காப்பி கொடுத்தார்கள். அங்கேதான் என் திட்டம் கவிழ்ந்தது. ஷோகேசில் பினோயும் நீயும் சேர்ந்து நிற்கிற போட்டோ, சட்டம் போட்டு! அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். அவர் எழுந்து, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, வர்க்கியிடம், என் பெயர் லட்சுமணன், அகல்யாவின் அப்பா என்றார்.

வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பினோயின் அம்மா பிடித்த என் கையை விடவே இல்லை. நல்ல மனிதர்கள், அகல்யா. ஆட்களை எடைபோடுவதில் நான் தோற்றதில்லை. மோள், அதாவது நீ, வாராவாரம் போன் பண்ணி அரை மணி நேரம் பேசுவாள் என்று அந்த அம்மாள் வாய் நிறையச் சொன்னார். அப்படியா, நல்லது என்றார் அப்பா. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது ரயிலில் அப்பா, வேற்று மதமாயிற்றே, மதுரையில் உன் பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் கேட்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கவில்லை. நாக்பூர் தாண்டிய பிறகு, உனக்கு எப்போதிருந்து தெரியும் என்றார். தீபாவளியிலிருந்து என்றேன். எனக்குத்தான் கடைசியில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது, இல்லையா என்றார். அவ்வளவுதான்.

கல்யாணம் நடக்கும். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோயிலா சர்ச்சா என்பதை நானும் பினோயின் அம்மாவும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். ஒரே ஒரு காரியம் மட்டும் என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீ போன் செய். நான் வேண்டுமென்றே கோயிலுக்குப் போயிருப்பேன். அப்பாதான் எடுப்பார். நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு, மேலே என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்சம் நிற்பார். அவர் அப்படி நிற்கும்போதுதான் நீ எப்போதும், “சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க” என்று சொல்லிவிடுகிறாய். இந்த ஒரு தடவை அப்படிச் சொல்லாதே, என் கண்ணே.

நீ நினைத்தது நடந்து நிறைவாக வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அம்மா
அம்சவேணி