நான்காம் பாகத்தில் என் கையெழுத்து இல்லை

போர்ட் பிளேயர்
செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள உமாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் நலம் அறியப் பதினொரு நாளாகத் தொலைபேசியில் முயன்று பார்த்துவிட்டேன். முதலில் மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. தீவில் நெட்வொர்க் சரியில்லை என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னோடு தங்கியிருக்கும் ஷீலாவிடம் பேசிய பிறகுதான் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பது தெரிந்தது.

அதனால்தான் கடிதம். முப்பது வருடம் தபால் ஆபீசில் இருந்தவள் நான். கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கலாம், வரவே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு ஸ்ரீதர் நாளை விமானத்தில் சென்னை வருகிறான். ஷீலாவிடம் கொடுக்காமல் உன் கையிலேயே சேர்க்கும்படி சொல்லியிருக்கிறேன். கதவு திறக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். மாலையில் அவனுக்கு வேலைக்கான நேர்காணல் இருக்கிறது. அவனைக் காக்க வைக்காதே.

ஷீலா எல்லாவற்றையும் என்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். சொன்னதே போதும். யாரோ உன் முகவரியை வெளியிட்டதும், வாசல் கேட்டில் தார் பூசியதும், ‘நீராழியைக் கொன்றவள்’ என்று எழுதி ஒட்டியதும் தெரியும். அடுத்த படத்தின் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டாயாம். சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே திருப்பி வைக்கிறாயாம். ‘எங்கம்மாவே அப்படிச் சொன்னதுக்கப்புறம் எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்’ என்று கேட்டுவிட்டு நீ மொட்டைமாடிக்குப் போனதையும், அவள் பின்னாலேயே ஓடிவந்து உன் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்ததையும் சொன்னாள். அதற்கு மேல் அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ வேறு யாரிடமோ கேட்டு அறிந்ததை விட இது சரியாக இருக்கும்.

நீ திரைக்கதை எழுதிய ‘பவழக் கதவு’ நான்காம் படம் இங்கே திரையிட்ட முதல் நாளே போனேன். வாசகர் வட்டத்தில் அநேகமாக எல்லோரும் போனோம். முதல் மூன்று படங்களுக்கும் எழுதியதுபோலவே இதற்கும் குற்றம் குறை எழுதி நூலகப் பலகையில் ஒட்டினேன். நாலு பக்கம். உடைகள் சரியில்லை, கடற்பாம்புகள் பொம்மைபோல இருக்கின்றன, படகோட்டிக் கிழவனை இடைவேளைக்கு முன்பே மறந்துவிட்டார்கள் என்றெல்லாம் எழுதினேன். அவற்றில் ஒன்றையும் இப்போதும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கடைசிப் பத்திதான் உன்னிடம் வந்து சேர்ந்தது. கடலுக்கடியில் போன கணவன் திரும்பி வர வழி தெரியவேண்டும் என்று பவழக் கதவின் மேல் விளக்கேற்றும் நீராழி, புத்தகத்தில் கடைசி வரி வரைக்கும் அதை அணைய விடுவதில்லை. உன் படத்தில் அவளே விளக்கை இறக்கி, திரியை விரலால் நசுக்கிவிட்டு, உள்ளே போய் மகளோடு சாப்பிட உட்காருகிறாள். அதற்கு நான் எழுதியது: ‘கணவன் வருமுன் விளக்கை இறக்குகிறவள் மனைவியே அல்ல. இதை எழுதியவருக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியாது.’

வட்டத்தின் பக்கத்தை நடத்தும் குணா அதைப் படம் பிடித்தான். ‘திரைக்கதை ஆசிரியரின் தாயாரே கண்டனம்’ என்று தலைப்புப் போட்டு என்னிடம் காட்டினான். போட்டுவிடவா ஆன்ட்டி என்று கேட்டான். போடு என்றேன். அவன் என்னை ஏமாற்றவில்லை. நான் யாருக்காகவும் சலுகை காட்டாதவள் என்று நாலு பேர் சொல்லவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. என் மகளின் படம் என்பதால்தான் அந்த ஆசை இன்னும் கூடியது.

மறுநாள் மாலை அவன் வந்து, ‘பூரா வைரல் ஆயிடுச்சு ஆன்ட்டி, மெயின்லேண்ட்ல எல்லாரும் உங்களத்தான் பேசுறாங்க, ஒரு லட்சத்துக்கு மேல போயிருச்சு’ என்றான். நான் அவனுக்கு முறுக்கும் டீயும் கொடுத்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று நாள் கழித்து இன்னொன்றைக் காட்டினான். உன் பேட்டி. அதைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் முடிவை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘அது என் முடிவு இல்ல. இந்தப் புத்தகத்த எங்க ஊர்ல முதல்ல படிச்ச ஒருத்தர், எனக்குப் பதினாலு வயசுல சொன்னது’ என்கிறாய். அடியில் இருந்த கேலியெல்லாம் படித்துக் காட்டினான். யார் அந்த மகா வாசகர், பெயர் இல்லையா, ஊர் இல்லையா என்று. நான் அவனை மறுபடியும் ஓட்டச் சொன்னேன். மூன்று முறை ஓட்டினான். கடைசி முறை அவன் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாசகரின் பெயர் எனக்குத் தெரியும்.

கட்சால் தீவில் நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ‘பவழக் கதவு’ நாவலின் ஒவ்வொரு பாகமும் பதினொரு பேருக்கு ஒரே பிரதி. கப்பலில் வரும் தபால் பையில்தான் வரும், நான்தான் பிரிப்பேன். சீட்டுக் குலுக்கி வரிசை போடுவோம். பின் அட்டையில் பெயர்த் தாள் ஒட்டியிருக்கும். முடித்தவர் தேதியோடு கையெழுத்துப் போட்டு, அடுத்த பெயர்க்காரரின் கையில் தானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கடைசிக் கையெழுத்து விழும்வரை கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. ரப்பர் பால் எடுக்கிற நேரத்தில் ‘பாவம் அந்த ராசா’ என்று ஒரே ஒரு தடவை முணுமுணுத்த காத்தமுத்துவை மூன்றாம் பாகத்தில் வரிசைக் கடைசிக்குத் தள்ளினேன். அவர் ஏழு மாதம் காத்திருந்தார், என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நான்காம் பாகம் வந்தது டிசம்பரில். சீட்டில் முதல் பெயர் அப்பா, இரண்டாவது நான், மூன்றாவது ராசம்மா. உனக்குக் கண்ணாடி மாற்ற நாம் இருவரும் கப்பலேறி இங்கே வந்துவிட்டோம். இருபத்து நாலாம் தேதி அப்பா தோட்டத்து ஆபீசிலிருந்து போன் செய்தார். ‘முடிச்சுட்டேன் விஜி. ஒண்ணும் சொல்ல மாட்டேன். வந்து கையில வாங்கிக்க’ என்றார். நீ ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாய். அவர் ஏதோ சொல்ல, நீ சிரித்து, ‘ஐயோ அப்பா, சொல்லிட்டீங்களே’ என்றாய். உனக்கு வாங்கி வைத்திருந்த சைக்கிளைப் பற்றித்தான் சொல்லிவிட்டார் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சைக்கிளை அல்ல, கதை எப்படி முடியவேண்டும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார். விதியை மீறியிருக்கிறார். உயிரோடு இருந்திருந்தால் ஐந்தாம் பாகத்தில் அவரைக் கடைசிக்குத் தள்ளியிருப்பேன். ஐந்தாம் பாகம் வரவே இல்லை.

இனி எழுதப்போவது உனக்கும் தெரியாதது. அந்தப் புத்தகத்தை நான் படிக்கவில்லை. இருபத்தாறாம் தேதி கடல் ஏறி வந்தபோது வீட்டோடு அதுவும் போயிற்று. இங்கே எல்லாக் கடையிலும் கிடைத்தது, நூலகத்தில் மூன்று பிரதி இருக்கிறது, நீயே ஒரு பிறந்தநாளுக்கு வாங்கித் தரவா என்று கேட்டாய். என்னிடம் இருக்கிறது என்று பொய் சொன்னேன். வரிசைப்படி அது அப்பா கையிலிருந்து எனக்கு வரவேண்டியது. கடையில் வாங்கினால் அவர் தரப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வட்டத்தில் நாலாம் பாகத்தைப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன். கடைசி வரியில் விளக்கு எரிகிறது என்பதுகூட மற்றவர்கள் பேசிச் சமையலறைவரை வந்து என் காதில் விழுந்ததுதான். படிக்காத புத்தகத்தை வைத்துக்கொண்டு உன் படத்தைக் குறை சொன்னேன். வட்டத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ஜனவரியில் முகாமில், காணாமல் போனவர்கள் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயரை எடுத்து இன்னொரு பட்டியலில் எழுத என் கையெழுத்துக் கேட்டார்கள். மற்றப் பெண்கள் மாட்டேன் என்றார்கள். நான் போட்டேன். உன்னைப் பள்ளியில் சேர்க்க அந்தக் காகிதம் தேவைப்பட்டது. என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது, நீதான் பக்கத்திலிருந்தவரிடம் பேனா வாங்கித் தந்தாய். கையெழுத்துப் போட்டதும் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று, சோறு வாங்கி, உட்கார்ந்து சாப்பிட்டோம். திரையில் நீராழி தன் மகளுக்குப் பரிமாறும்போது இடது கையால் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாளே, அது யாருடைய பழக்கம் என்று அரங்கத்திலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் அப்படி எழுதினேன். மனைவியே அல்ல என்று நான் சொன்னது உன்னை அல்ல.

கான்வென்ட்டில் மதர் பெர்னதெத், தப்பு செய்தவளை அதைப் பத்து முறை எழுதச் சொல்வார். எட்டு வருடத்தில் எனக்கு ஒருமுறையும் அந்தத் தண்டனை கிடைத்ததில்லை. அதனால் எனக்குப் பழக்கமில்லை. நான் எழுதியது தவறு. ஒருமுறைதான் எழுத முடிகிறது. மீதி ஒன்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடியது. இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். உனக்கு எதிராக ஒரு மனு தயாராக இருந்தது, கையெழுத்து வாங்க வந்திருந்தார்கள். நான் எழுந்து, நான்காம் பாகத்தின் வரிசை இன்னும் முடியவில்லை, ஆகையால் அதைப் பற்றி யாரும் பேசுவதற்கில்லை என்றேன். அது பழைய கட்சால் கணக்கு ஆன்ட்டி, இப்ப சபி லோக் படிச்சாச்சு என்றான் குணா. எல்லோரும் படிக்கவில்லை, நான் படிக்கவில்லை என்றேன். முன்வரிசையில் யாரோ மெதுவாக, அப்போ அந்த நாலு பக்கம் என்று கேட்டார்கள். அதையும் படிக்காமல்தான் எழுதினேன் என்றேன். எழுபத்து மூன்று வயதில் இருபத்தாறு பேர் முன்னால் நின்று சொல்கிற வார்த்தை அல்ல அது. சொன்னேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ராசம்மா எழுந்தாள். அவளுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, பேத்தி திரும்பச் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கிறாள். ‘நானும் படிக்கல்லம்மா. எனக்கு நீங்க தானே தரணும்? ஒங்க கையால வராம எப்பிடி படிக்கிறது? படமும் பாக்கல்ல’ என்றாள். இருபது வருடமாக என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அதைக் கேட்டிருக்கலாம். கேட்டதில்லை.

மனுவில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. குணா என் நாலு பக்கத்தை எடுத்துவிட்டான். எடுத்தாலும் பரவியது பரவியதுதான் என்றான். அதனால் அதே இடத்தில், நான் புத்தகத்தைப் படிக்காமல் எழுதினேன் என்பதை என் கையெழுத்தோடு போடச் சொன்னேன். இனி அவர்கள் என்னைத் திட்டட்டும். எனக்குத் தோல் தடிமன்.

உமா, நீ எழுதுவதை விட்டுவிடுவதா வேண்டாமா என்பது உன் விஷயம். நான் கேட்பது ஒன்றுதான். என்னிடம் இல்லாத அந்தப் புத்தகத்தைக் கொண்டுவா. பின் அட்டைக்கு ஒரு தாள் வெட்டி, பழைய வரிசையிலேயே பதினொரு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். இன்று அதில் நாலு பேர்தான் இருக்கிறோம், இருந்தாலும் பதினொன்றையும் எழுதினேன். அப்பாவின் பெயருக்கு எதிரே டிசம்பர் இருபத்து நாலு என்று நீ எழுது. அவர் முடித்ததற்கு நீ ஒருத்திதான் சாட்சி. அவர் கையிலிருந்து வாங்கி என் கையில் தர உனக்குத்தான் உரிமை இருக்கிறது. தபாலில் அனுப்பாதே. ஷீலாவிடமோ ஸ்ரீதரிடமோ கொடுத்து அனுப்பாதே. நீயே வரவேண்டும். வெள்ளிக்கிழமை விமானத்தில் உன் பெயருக்கு டிக்கெட் எடுத்து ஷீலாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நான் படிக்க நான்கு நாள் ஆகும், கண் அவ்வளவுதான் இப்போது. கையெழுத்துப் போட்ட பிறகு, அப்பா அன்றைக்குப் போனில் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல். அதற்கு முன்னால் சொல்லாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் போகமாட்டேன், அதைச் சொல்லாமல் நீயும் போகக்கூடாது.

அங்கே மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு இருந்தால் சாவியை ஷீலாவிடம் கொடுத்து வை. ஸ்ரீதருக்குக் கதவைத் திற. அவன் கையில் உனக்காக வறுத்த மீன் கொடுத்திருக்கிறேன், வாங்கிய அன்றைக்கே தீரவேண்டும். உள்ளே போய் முதலில் உட்கார்ந்து சாப்பிடு.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா
விஜயலட்சுமி கோவிந்தராஜ்