கண்ணாடிக்கு வைத்த பொட்டு

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

ரெங்கநாதர் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பீர்கள். அவருக்கும் ஒரு வித்தை காட்டியாயிற்றா? இங்கே உங்கள் மகள் செல்வி, நீங்கள் போன பிறகு முதல் தடவையாக உங்கள் மேஜிக் ஷோவைப் போட்டுவிட்டாள். ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண ரிசப்ஷனில். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "அத்தை, பேசும் தலை மட்டும் சொதப்புச்சுன்னா மேசையை வித்துட்டு வேற வேலைக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். இத்தனை நாள் மேசைத் தட்டில் தலை மட்டும் தெரியப் பேசியது அண்ணிதான். இப்போது அண்ணிக்கு முட்டி மடங்கவில்லை. வாய் ஓயாத தலை வேண்டுமென்றால் என்னை விட்டால் யார்?

உங்கள் சூட்சுமத்தை அப்போதுதான் எனக்குச் சொன்னாள். மேசைக் கால்களுக்கு நடுவே சாய்வாக இரண்டு கண்ணாடி. பக்கவாட்டில் தொங்கும் திரை அதில் தெரியும். பார்க்கிறவர்கள் அதைப் பின்பக்கத்துத் திரை என்று நினைத்து, மேசைக்கடியில் காலி இடம் என்று நம்பிவிடுவார்கள். பின்னால் ஆள் குந்தியிருப்பது தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன் அண்ணே.

ஷோவுக்கு முன்னால் பெட்டி, மேசை, தொப்பி எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தேன். துடைத்த கண்ணாடி மட்டும் வெறுமையாக நின்றது. நல்ல காரியம் தொடங்கும்போது அதை மட்டும் விட மனசு வருமா? ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, ரெங்கா என்று உள்ளே போய்க் குந்திவிட்டேன்.

திரை விலகியது. தட்டின் மேல் என் தலை. கூட்டம் வாய் பிளந்தது. நான் மாப்பிள்ளையை வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசையில் ஒரு அம்மா, "ஏங்க, மேசைக்கடியில ரெண்டு பொட்டு அந்தரத்துல நிக்குது பாருங்க" என்றார்.

செல்விக்கு முகத்தில் ரத்தமே இல்லை. போய்த் துடைக்கவும் முடியாது, அவள் கால் கண்ணாடியில் தெரிந்துவிடும். மண்டபமே குனிந்து பார்க்கிறது. உள்ளே நானும் அசைய முடியாது. வாய் மட்டும்தான் மிச்சம்.

"அது என்னோடதுதாங்க. உடம்பு வீட்டுல மாவு ஆட்டிக்கிட்டு இருக்கு. பொட்டு மட்டும் என்கூட கல்யாணம் பாக்க வந்துருச்சு."

செல்வி உங்கள் ரத்தமாயிற்றே, கப்பென்று பிடித்துக்கொண்டாள். "அதுக்கு எதுக்கு அத்தை ரெண்டு?"

"ஒண்ணு பொண்ணுக்கு, ஒண்ணு மாப்பிள்ளைக்கு."

அந்தக் கைதட்டல் அங்கே உங்களுக்குக் கேட்டதா?

முடிந்ததும் என் தலையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. பொட்டு எப்படி அந்தரத்தில் நின்றது என்றுதான் கேட்டார்கள். புத்தூர்க்காரர் ஒருவர், தன் வீட்டு விசேஷத்துக்கும் அந்தப் பொட்டு வித்தையே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வேனில் வரும்போது செல்வி என் தோளில் சாய்ந்துகொண்டு, "அங்கயும் நீங்களே பொட்டு வச்சிருங்க அத்தை" என்றாள். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மேசையை இனி விற்க மாட்டாள் அண்ணே. என் முட்டி மடங்குகிற வரைக்கும் தலை நான்தான். உங்கள் சூட்சுமத்தையும் யாரிடமும் சொல்ல மாட்டேன், இதைப் படிக்கிறவர்களைத் தவிர.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
ராசாத்தி