சாவி என் கையில் இருந்தது

என் ராசு அண்ணனுக்கு,

உங்கள் கார் மறுபடி ஓடுகிறது. இதைச் சொல்ல ஒரு கடிதமா என்று சிரிப்பீர்கள். இது மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

பேராதனை யுனிவர்சிட்டியில் கடைசிப் பரீட்சை முடிந்து மஸ்கெலியாவுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. நாம் மூன்று பேரும் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பிராவில் இப்போது பார்வதி அக்காவும் மச்சானும் நானும். மச்சானுக்கு ஃபெக்டரியில் இரவு வேலை, பகலில் தூக்கம். அக்கா கேட்பாள்: "சோறு போடவா?" நான் சொல்வேன்: "போடுக்கா." அநேகமாக ஒரு நாளின் பேச்சு அவ்வளவுதான்.

நீங்கள் கந்தப்பளைக்கு லொறி ஓட்டப் போன பிறகு காரை யாரும் தொடவில்லை. தகரக் கொட்டகைக்குள் நின்றது. பின் ஆசனத்தில் கோழி முட்டையிட்டிருந்தது. எனக்கு வேறு வேலை இல்லை, அண்ணே. பேசவும் ஆள் இல்லை. ஹட்டனில் ஒரு பழைய பேட்டரி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

முதல் நாள் ஓடியது. மறுநாள் காலை பேட்டரி செத்துக் கிடந்தது. ஹட்டனுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் மறுபடி அதே கதை.

"குளிரு தம்பி," என்றார் பக்கத்துக் காம்பிரா மாரிமுத்து. "இந்தக் குளிருல எம் பொஞ்சாதியே எந்திரிக்க மாட்டேங்குறா. பேட்டரி எந்திரிக்குமா?"

"நீ எந்திரிச்சா நா ஏன் படுத்திருக்கேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை, மலையிலிருந்து மூடுபனி இறங்குகிற சாயங்காலம். காரை நிறுத்தினேன். சாவியை உருவி எடுத்தேன். இறங்கிக் கதவைச் சாத்தி, கண்ணாடியைத் துடைத்தேன்.

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சார்ஜ் ஏறவில்லை என்றால் எரியும் அந்தச் சின்ன விளக்கு. சாவி போட்டிருந்தால்தான் எரிய வேண்டும். சாவி என் கையில் இருந்தது.



அண்ணே, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த நாளை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் என் பக்கத்தை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

அக்காவுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. எப்போதும் மேல் ரோட்டின் சரிவில் காரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பீர்கள். காலையில் கல்லை எடுத்து உருட்டிக் கியர் போட்டால் பேட்டரி பலமில்லாமலே கார் ஸ்டார்ட் ஆகும். மலையில் எல்லாரும் செய்வதுதான். அன்று மட்டும், வலி எடுத்தால் அக்கா நடக்கக் கூடாது என்று, லயத்து வாசலுக்கே இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். லீவுக்கு வந்திருந்த நான் பொழுது சாயும்போது அந்த வழியாக வந்தேன். கண்ணாடிக்குள் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். அண்ணன் திரும்ப எங்கேயோ போகப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.

ஏன் உங்களிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை?

விடியும் முன் அக்காவுக்கு வலி. கார் முனகக்கூட இல்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றினீர்கள். லயமே திரண்டு அந்தச் சேற்றில் மேல் ரோட்டுக்குத் தள்ளியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தைக்கு மூச்சு இல்லை.

திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "நேத்து சாயங்காலமே சிவப்பு லைட்டு எரிஞ்சிச்சு. நா பாத்தேன். அண்ணன் சாவிய எடுக்க மறந்துட்டாரு."

"எடுத்தேன்டா," என்றீர்கள். பிறகு, மெதுவாக, "எடுத்தேனா?" என்றீர்கள்.

அதன் பிறகு அக்கா உங்களோடு பேசவில்லை. நீங்கள் கந்தப்பளைக்குப் போனீர்கள். ஒரு வருடத்தில் காய்ச்சல். உங்களை அடக்கம் செய்த அன்று உங்களோடு வேலை செய்த டிரைவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ராசு லொறிய நிப்பாட்டுனா மூணு தடவ திரும்பிப் போயி சாவிய பாத்துட்டுத்தான் வருவாப்ல. என்னமோ ஒரு பயம்." நான் தலையாட்டினேன். அந்தப் பயத்தின் காரணம் எனக்குத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை, பஸாரில் கராஜ் வைத்திருக்கிற பியதாச பாஸிடம் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எதையும் கழற்றவில்லை. "இஞ்சின நிப்பாட்டுங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு வருவோம் மாத்தயா," என்றார் சிங்கள மரியாதையோடு. மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடையில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து பானெட்டைத் தூக்கினார்.

"இஞ்சின்ல கை வைங்க."

ஆறிப்போயிருந்தது.

"இப்ப டைனமோல வைங்க."

சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"ஓடாத டைனமோ ஏன் சுடுது? யுனிவர்சிட்டில இது படிச்சுக் குடுக்கல்லியா?"

பிறகு கருப்புப் பெட்டி ஒன்றின் மூடியைக் கழற்றிக் காட்டினார். கட்-அவுட் என்றார். ஓடும்போது டைனமோவிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் போகும். இஞ்சின் நின்றதும் இந்தக் கதவு திறந்து வழியை அறுக்க வேண்டும். உள்ளே இரண்டு சின்ன முனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பேட்டரி தன்னிடம் இருந்ததையெல்லாம் நின்றுபோன டைனமோவுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கும் அதே வழியில்தான் எரிந்திருக்கிறது.

"எல்லா நாளும் இப்படியா பாஸ்?"

"ஒரு நாள் ஒட்டும். ஒரு நாள் ஒட்டாது. சரிவுல உருட்டி எடுக்குற ஆளுக்கு இது தெரியவே தெரியாது மாத்தயா. சாவி மேல குத்தமில்ல."

எத்தனை மாதம் அந்தச் சரிவு உங்களிடம் இதை மறைத்திருக்கிறது.

நேற்று அக்காவிடம் சொன்னேன். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, ஈரக் கம்பளியை உதறிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்ணன் மறக்கலியா?"

"இல்லக்கா."

"நீ பாத்தேன்னியே?"

"பாத்தது நெசம். சொன்னது தப்பு."

கம்பளியைக் கொடியில் போட்டாள். இழுத்து நேராக்கினாள். மறுபடியும் இழுத்தாள்.

"ரெண்டு வருஷமா அண்ணன் மேல இருக்குற கோவத்துலதான்டா காலையில எந்திரிச்சு மலைக்கிப் போறேன். இப்ப அதையும் புடுங்கிட்டியா?"

"என் மேல கோவப்படுக்கா."

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒம் மேலயா? கோவப்படுற அளவுக்கு நீ எங்கடா இங்க இருந்த?"

உள்ளே போய்விட்டாள். இரவு சோறு மூடி வைத்திருந்தது. போடவா என்று கேட்கவில்லை.

அண்ணே, மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அடித்துவிட்டேன். அதை வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை. உங்களை மன்னிக்க அக்காவுக்கு இனி எதுவும் இல்லை. என்ன செய்வாள், பாவம்?

கொழும்புக் கந்தோரில் கிளார்க் வேலைக்கு எழுதிய விண்ணப்பம் பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் தபாலில் போடப்போவதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாமல் இரண்டு வகுப்புகள் சும்மா கிடக்கின்றன. நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அக்காவுக்கு என் மேல் கோபம் வருகிற அளவுக்கு நான் இங்கேயே இருப்பேன். அவள் உரக்கத் திட்டட்டும், லயமே கேட்கட்டும். திட்டி முடித்த பிறகும் இருப்பேன்.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
செல்வம்