பதினெட்டு பாட்டில் எச்சக் கரைசல்

செவ்வாய் கிரகம், இரண்டாம் கோழிக்கூடம்
நாள் 611, காலை 07:10

முட்டை 548. இறப்பு இல்லை. எச்சம் கெட்டி; குடல் நலம். இன்று பொரித்த குஞ்சுகள்மேல் வளர்ந்த கோழிகளின் எச்சக் கரைசலைத் தெளித்தேன். இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் இல்லை. நல்ல பாக்டீரியாவை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் கூடத்துத் தலைவர் சென்னியப்பனுக்கு இது அசிங்கம். குடிநீரில் ஆன்டிபயாடிக் கலந்துகொண்டே இருப்பார். போன வருடம் அதற்கும் அடங்காத கிருமி அவர் கூடத்து முட்டையில் ஏறி என் கணவர் மோகனரங்கத்தைக் கொன்றது. சமைத்த சுகந்தி கை கழுவவில்லை என்று சென்னியப்பன் அறிக்கை எழுதினார். சுகந்தி நான்தான்.

நாள் 619, மாலை 16:40

முதல் கூடத்திலிருந்து சென்னியப்பன்:

"அம்மிணி, குஞ்செல்லாம் கழிஞ்சு கழிஞ்சு சாகுதுங்க. எந்த மருந்துக்கும் கேக்கல. உங்க கரைசல் குடுங்க. முந்நூறு பேரு சோத்துக்கு இதத்தான் நம்பியிருக்கறோம்."

வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறான். அறிக்கை எழுதும்போது எங்கே போயிற்று இந்த மரியாதை?

நாள் 620, காலை 09:05

குளிர்பெட்டியில் பதினெட்டு பாட்டில் கரைசல் இருந்தது. பதினெட்டையும் கொதிக்க வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டேன். உள்ளே ஓர் உயிர் கிடையாது. மிச்சம் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். என் கோழிகளின் வயிற்றில் இருக்கிறதே, எனக்கென்ன? முதல் கூடத்திலிருந்து வந்த வண்டிக்காரர் காலி முட்டை அட்டைகளைத் திருப்பித் தந்தார். இருந்த சந்தோஷத்தில் அப்படியே கூடத்துக்குள் கொண்டுபோய் அடுக்கினேன்.

நாள் 624, பகல் 13:20

"தெளிச்சும் நிக்கலீங்க. நாந்தான் ஏதோ தப்பாத் தெளிச்சுப்போட்டனாட்ட இருக்குது."

கை கழுவினாயா என்று கேட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நாள் 627, காலை 06:30

முட்டை 203. பச்சைக் கழிச்சல். ஐயோ, அந்த அட்டைகள்! மருந்தில் முக்காமல் அட்டையை உள்ளே விடாதே என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவள் நான். எவ்வளவு நல்ல குடலும் இவ்வளவு கிருமியைத் தாங்காது. குஞ்சுகளையாவது காப்பாற்றலாம் என்று குளிர்பெட்டிக்கு ஓடினேன். திறந்த பிறகுதான் புத்தி வந்தது.

நாள் 629

முட்டை இல்லை. நாற்பது கோழி எழுந்து நிற்கிறது. காலையில் நூறு நின்றது.

"அம்மிணி, எங்க கோழி முடிஞ்சுபோச்சுங்க. உங்களுது இருக்குதுல்லீங்க, அது போதும். மொதல்ல கொழந்தைங்கள ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டோம். நாளைக்கு வந்துருவோம்."

வரட்டும். அவன் கதறுவதைப் பார்க்கத்தான் இத்தனையும் செய்தேன். அவனிடம் நானே சொல்வேன், முகத்துக்கு நேரே சொல்வேன். குழந்தைகளிடம் என்ன சொல்வது...