புள்ளியோடு போன கண்ணீர்

மணிலா

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். கோபத்தில் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை தேவாலயத்தில் ஒரு கல்யாணம். ஃபிளாஷ் போடவே கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். மெழுகுவத்தி வெளிச்சம்தான். இருட்டிலும் படம் பதிய, கேமராவில் ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றினேன். அப்படி ஏற்றினால் படத்தில் புள்ளிகள் விழத்தான் செய்யும். ஆனால் மெழுகுவத்தி ஏற்றும்போது மணப்பெண்ணின் தாய் அழுதது அப்படியே பதிந்தது.

ஸ்டுடியோ முதலாளி ரொடெலியோ, "என்னம்மா ரோவெனா, மணல வாரிக் கொட்டின மாதிரி இருக்கு?" என்று கம்ப்யூட்டரில் புள்ளிகள் எல்லாவற்றையும் துடைத்தார். படத்தில் அந்தத் தாயின் முகம் வழவழவென்று பீங்கான் தட்டாகிவிட்டது. அசல் படத்தையும் அழித்துவிட்டார்.

"கண்ணீரும் போயிடுச்சே அண்ணே!"

"அதுவும் புள்ளிதானே, விடு."

படம் வாங்க வந்த அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் அழுதேனே" என்றார். உடனே இவர், "இந்தப் பொண்ணு ஐஎஸ்ஓவ ஏத்திடுச்சுங்க, அதான்" என்று பழியை என் தலையில் கட்டுகிறார்! என்ன நெஞ்சழுத்தம்!

அது கிடக்கட்டும். அங்கே என் மகள் குட்டி திவினாவுக்குப் பல் விழுந்துவிட்டதாமே. அடுப்படி வெளிச்சத்திலாவது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் இருக்கட்டும், யாரையும் துடைக்க விடாதீர்கள். அவள் அழுதுகொண்டிருந்தாலும் எடுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் ரோவெனா